முன் பிரேக்கில் இன்னொரு கை

எங்கள் லேபில் வண்டி ஓட்டுகிறவர்கள் யாரும் முன் பிரேக்கைத் தொட மாட்டோம். கிளினிக் கிளினிக்காகப் போய் பரிசோதனைக்கு எடுத்த ரத்தம் அடைத்த குழாய்களை வாங்கி, பின் சீட்டில் கட்டிய ஐஸ் பெட்டியில் அடுக்கி, கெடுவதற்குள் கொண்டுவந்து சேர்ப்பது எங்கள் வேலை. முன் பிரேக்கைப் பிடித்தால் வண்டியின் மூக்கு சட்டென்று இறங்கும், பெட்டி சாயும், குழாய்கள் உருண்டு ரத்தம் கெடும். உள்ளே உட்கார்ந்திருக்கும் டெக்னீஷியன் அம்மா குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "இது ரத்தமா, சாயத் தண்ணியா?" என்று எல்லார் முன்னாலும் கேட்பார். அந்த வாய்க்குப் பயந்தே ஆளாளுக்குப் பின் பிரேக்கை மட்டும் மிதித்துப் பழகினோம். புதிதாக யார் சேர்ந்தாலும் முதல் நாளே மெக்கானிக்கிடம் போய் முன் பிரேக் கம்பியைத் தளர்த்திக்கொள்வார்கள். கை தவறிப் பிடித்தாலும் பிடிக்காது. இதைப் பெரிய சாமர்த்தியம் என்று வேறு நினைத்துக்கொண்டிருந்தோம்.

என் தம்பியும் அப்படித்தான் ஓட்டினான். கூடப் பிறந்தவன் என்று இந்த அக்காவுக்கு அவன் ஒருவன்தான். அப்பாவும் அம்மாவும் போன பிறகு நான், அவன், அவன் பெண்டாட்டி என்று மூன்று பேர் ஒரே வீட்டில் இருந்தோம்.

அன்றைக்குத் தூறல். சரிவுத் தெருவில் அவன் முன்னால், நான் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தோம். அச்சகத்து கேட்டிலிருந்து ஒரு வேன் பின்பக்கமாக வெளியே வந்து தெருவை அடைத்தது. அவன் பின் பிரேக்கை மிதித்தான். சக்கரம் நின்றது, வண்டி நிற்கவில்லை. ஈரத்தில் வழுக்கிக்கொண்டே போய் வேனுக்கு அடியில் நுழைந்தான். அவன் அவ்வளவு தூரம் சறுக்கிப் போனதால் எனக்கு முன்னால் தெரு காலியாகக் கிடந்தது. என் வண்டி உருண்டு போய் அவன் கால்மாட்டில் நின்றது. என் பெட்டியில் ஒரு குழாய்கூட உடையவில்லை. இதை ஒருத்தர் எனக்கு ஆறுதலாகச் சொன்னார். அவர் முகத்தை நான் இன்றைக்கும் பார்ப்பதில்லை.

எல்லாம் முடிந்த பிறகு, லேப் முதலாளிக்கு ஞானோதயம் வந்தது. டிரைவிங் ஸ்கூலிலிருந்து ஒரு ஆளை வரவழைத்து எங்களுக்கு வகுப்பு எடுக்கச் சொன்னார். வந்தவர் பலகையில் ஒரு வண்டியை வரைந்தார். வண்டி வாத்து மாதிரி இருந்தது. ஆனால் பேச்சு தெளிவாக இருந்தது.

"வண்டிய நிறுத்தறது முன் சக்கரம்தாங்க. பிரேக் புடிச்ச உடனே வெயிட்டு பூரா முன்னால வந்துடும். பின் சக்கரம் லேசாயிடும். லேசான சக்கரத்தப் போய் மிதிச்சீங்கன்னா, அது சுத்தறத விட்டுட்டு இழுத்துக்கிட்டே போகும். அதுக்காக முன் பிரேக்க வெடுக்குன்னு புடிக்கக் கூடாது. மொதல்ல சும்மா தொடுங்க. வெயிட்டு முன்னால வரட்டும். அப்புறம் அழுத்துங்க. வண்டி நேரா இருக்கணும், பின் பிரேக்கு கூடவே லேசா. ஈர ரோடுன்னா எல்லாமே இன்னும் மெதுவா, இன்னும் முன்னாடியே."

"குழாய் உருளாதா சார்?" என்று ஒருவன் கேட்டான்.

"பதமா அழுத்தினா ஒண்ணும் உருளாது. வெடுக்குன்னு புடிச்சா நீங்களே உருளுவீங்க."

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குக் கோபம் தலைக்கேறியது. இந்த நாலு வார்த்தையை முன்னாடியே யாராவது சொல்லித் தொலைத்திருந்தால், என் தம்பி இப்போது என் பக்கத்தில் உட்கார்ந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருப்பான். வகுப்பு முடிந்ததும் எல்லாரும் வழக்கம்போல் பின் பிரேக்கை மிதித்துக்கொண்டு கிளம்பிப் போனார்கள். நான் நேராக மெக்கானிக்கிடம் போனேன்.

தம்பி வண்டி ரிப்பேர் முடிந்து மூலையில் நின்றது. அதை யாரும் எடுக்கவில்லை. என் வண்டியோ ஓட்டை உடைசல். பின் டயரில் ஒரு ஓரம் முழுக்கத் தேய்ந்து வழுக்கையாகியிருந்தது.

"அதக் கழிச்சுக் கட்டிட்டு இத எனக்குக் குடு. முன் பிரேக்க இறுக்கி வை."

"வேற வண்டி பாத்துக்கக்கா. இது வேணாம்."

"ஏன், கடிக்குமா?"

அவன் ஸ்பேனரை எடுத்தான்.

லேபுக்குப் பின்னால் மூடிக்கிடக்கிற கிடங்கு ஒன்று உண்டு. அதன் முற்றம் பெரிய சிமெண்ட் தரை. மத்தியானம் ஒரு சுற்று முடிந்து அடுத்த சுற்று தொடங்கும் வரை அங்கே ஈ காக்கை இருக்காது. அங்கே போய் வேகம் எடுத்து, ஆக்சிலேட்டரை விட்டு, முன் பிரேக்கைத் தொட்டேன்.

தொட்ட விரல்கள்மேல் வேறு விரல்கள் வந்து விழுந்தன. வெடுக்கென்று மொத்தமாக இறுக்கின. முன் சக்கரம் அப்படியே நின்றது. நான் வண்டியோடு தரையில் விழுந்து முழங்கையைத் தேய்த்துக்கொண்டேன்.

எழுந்து உட்கார்ந்து பார்த்தேன். வண்டி சாய்ந்து கிடந்தது. பிரேக் பிடி இன்னும் உள்ளே அழுந்திய நிலையிலேயே இருந்தது. யாரும் பிடிக்காத பிடி எப்படி அழுந்தி நிற்கும்? நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து, தப்பு செய்தவன் கையை எடுப்பதுபோல மெதுவாக, அது தன் இடத்துக்குத் திரும்பியது. வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. எனக்கு உடம்பெல்லாம் சில்லிட்டுப்போனது.

இரண்டாவது தடவை வந்தபோது யார் கை என்று தெரிந்துவிட்டது. சின்ன வயதில் ரோடு கடக்கும்போது அவன் என் முழுக் கையையும் பிடிக்க மாட்டான். கடைசி இரண்டு விரலை மட்டும் பிடிப்பான். அந்த இரண்டு விரலில்தான் அழுத்தம் விழுந்தது. கை சூடாக இருந்தது. ஈரமாகவும் இருந்தது, மழையில் வண்டி ஓட்டியவன் கை மாதிரி.

ஒழுங்கான ஆளாக இருந்தால் வண்டியைப் போட்டுவிட்டு ஓடியிருப்பேன். எனக்கு வந்தது கோபம்தான். "எருமை! இப்படியா வெடுக்குன்னு புடிப்பாங்க? அந்த ஆளு என்ன சொன்னாரு? மொதல்ல தொடு. அப்புறம் அழுத்து" என்று வெறும் முற்றத்தைப் பார்த்துக் கத்தினேன். கத்திவிட்டு அழுதேன். அழுதுவிட்டு மறுபடியும் வேகம் எடுத்தேன்.

மறுநாள் காலையில் சரிவுத் தெரு வழியாகப் போனேன். தம்பி பெண்டாட்டி அங்கே நின்றுகொண்டிருந்தாள். அவள் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவள். கடை திறக்கும் முன் தினமும் அங்கே வந்து நிற்பது எனக்குத் தெரியும். அவன் டயர் இழுத்த கோடு தெருவில் அப்படியே இருந்தது. வண்டிகள் போய்ப் போய் எப்போதோ அழிந்திருக்க வேண்டிய கோடு. வேனின் பக்கவாட்டுப் பகுதி எந்த இடத்தில் இருந்ததோ அங்கே அவள் தெருவுக்குக் குறுக்காக ஒரு சாக்பீஸ் கோடு போட்டு வைத்திருந்தாள். டயர் கோடு அதைத் தாண்டி கேட் வரைக்கும் போயிருந்தது. அதை நான் நூறு தடவை பார்த்திருப்பேன்.

"அண்ணி, கோடு கொறைஞ்சிருக்கு" என்றாள்.

"அழிஞ்சிருக்கும்டி. வண்டி போற ரோடு."

"அழியல. கிட்ட வந்து பாருங்க."

குனிந்து பார்த்தேன். கேட்டுக்கு முன்னாலேயே கோடு முடிந்திருந்தது. தேய்ந்து மங்கி முடியவில்லை. வண்டி அங்கே நின்றதுபோல் கறுப்பாக, பளிச்சென்று முடிந்திருந்தது. ரப்பர் கருகிய வாசனை வந்தது. மழை பெய்து எத்தனையோ நாளாகிவிட்டது. தெரு காய்ந்து கிடந்தது. கோட்டுக்கு இரண்டு பக்கமும் மட்டும் தரை நனைந்திருந்தது.

"நேத்து என்ன பண்ணீங்க அண்ணி?"

சொன்னேன். அவள் ஆச்சரியப்படவே இல்லை. இத்தனை நாளும் எங்கிருந்தாவது ஒரு தகவல் வரும் என்று காத்திருந்தவள்போல் தலையாட்டினாள். சாக்பீஸ் கோட்டைக் காலால் தொட்டுக் காட்டி, "இதுக்கு முன்னாடி நின்னுட்டா வேன் மேல மோத மாட்டார், இல்ல?" என்றாள்.

"மோத மாட்டான்."

"அப்ப இன்னிக்கும் போங்க."

போனேன். மத்தியானம் தவறாமல் போனேன். தம்பி மெதுவாகத்தான் கற்றுக்கொண்டான். எதையும் ஒரு தடவை சொன்னால் கேட்கிற ஜாதி இல்லை அவன். ஆனால் பிடிபட்ட பிறகு கை அழகாகிவிட்டது. முதலில் தொடும். வண்டியின் மூக்கு மெல்ல இறங்கும். அப்புறம் ஒரே சீராக அழுத்தம் ஏறும். பெட்டியில் தண்ணீர் ஊற்றிய குழாய்களை வைத்துப் பார்த்தேன், ஒன்றுகூட உருளவில்லை. "பரவால்லடா, உனக்கும் மூளை இருக்கு" என்று சொன்னேன். ஒவ்வொரு காலையும் கோடு குறைந்துகொண்டே வந்தது.

வீடும் மாறத் தொடங்கியது. குளியலறையில் அவன் பிரஷ் ஈரமாக இருந்தது. நான் நனைக்கவில்லை, அவளும் நனைக்கவில்லை. வாசலைப் பார்த்துக் கிடந்த அவன் செருப்பு ஒரு நாள் வீட்டைப் பார்த்துக் கிடந்தது. அவள் அவனுடைய சட்டைகளை இஸ்திரி போட்டு வைத்தாள். நாங்கள் இருவரும் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை. ஆனால் வெகு நாளைக்குப் பிறகு அவள் தட்டில் போட்டதைச் சாப்பிட்டாள். அவளைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது, பயமாகவும் இருந்தது.

பிறகு லேபில் அது நடந்தது. பெட்டியைக் கொண்டுபோய் வைத்தேன். டெக்னீஷியன் அம்மா தலையை நிமிர்த்தாமல், "வாடா. இன்னிக்கு சீக்கிரம் வந்துட்ட" என்றார்.

"மேடம், நான்."

நிமிர்ந்து பார்த்தார். என்னையே வெகுநேரம் பார்த்தார். "உங்க அக்கா மாதிரியே..." என்று எதையோ தொடங்கி, பாதியில் நிறுத்தி, கண்களைத் துடைத்துக்கொண்டார். "என்னமோ போ. எனக்குத்தான் கண்ணு சரியில்ல போல" என்று குழாய்களை எண்ண ஆரம்பித்தார். யார் செத்ததற்காக அவர் கண்ணைத் துடைத்தார் என்று யோசித்துக்கொண்டே படி இறங்கினேன். கால் தரையில் படுகிற சத்தம் எனக்கே கேட்கவில்லை.

அங்கிருந்து நேராகச் சரிவுத் தெருவுக்குப் போனேன். தம்பியின் கோடு சாக்பீஸ் கோட்டைத் தாண்டி ஒரு சாண்தான் நீட்டிக்கொண்டிருந்தது. அதை மட்டுமே பார்த்துப் பழகிய கண் அன்றைக்குத்தான் கொஞ்சம் பின்னால் போனது. மேட்டில் இன்னொரு கோடு இருந்தது. தம்பியின் கோட்டுக்குப் பின்னாலேயே வந்து, அவன் நிற்கும் இடத்தை நெருங்கும்போது விலகி, எதிர்ப்பக்கம் வளைந்து, ஒரு வீட்டின் சுவரில் போய் முடிந்தது. சுவரில் ஹேண்டில்பார் உயரத்துக்குக் காரை பெயர்ந்து, கீழே செங்கல் பொடி உதிர்ந்திருந்தது. அந்தக் கோடு பாதி அகலம்தான் இருந்தது. ஒரு ஓரம் தேய்ந்த டயர் இழுத்தால் அப்படித்தான் விழும்.

மெக்கானிக் கழித்துக்கட்டிய என் பழைய வண்டியின் டயர் அது. அதை நான் எங்கே பார்த்தாலும் அடையாளம் சொல்வேன்.

புரிவதற்குப் பெரிய படிப்பெல்லாம் தேவைப்படவில்லை. அன்றைக்கு அவன் சறுக்கிக்கொண்டே போனதால்தான் எனக்கு முன்னால் இடம் இருந்தது. அவன் பதமாகப் பிடித்து இங்கே நின்றுவிட்டால், பின்னால் ஒட்டிக்கொண்டே வந்த எனக்கு இடம் இல்லை. நான் பின் பிரேக்கை மிதிப்பேன். அவன்மேல் மோதாமல் இருக்க வண்டியை ஒடிப்பேன். சுவர் வந்துவிடும். நான் இப்போது எவ்வளவு நன்றாகப் பிரேக் பிடித்தாலும் பிரயோஜனம் இல்லை. என் விரல்கள் இன்றைக்குத்தான் இருக்கின்றன. அந்த நாளில் இன்னும் இருப்பவன் அவன் ஒருவன்தான். அவன் கைதான் அங்கே எட்டும்.

வீட்டுக்கு வந்தேன். அவள் சட்டைக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தாள்.

"ரோட்டுல இன்னொரு கோடு இருக்கு. பாத்தியா?"

ஊசி நின்றது. "பாத்தேன்."

"எப்பலேர்ந்து?"

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். பொய் சொல்ல வாய் எடுத்து, சொல்லாமல் விட்டது தெரிந்தது. "மொதல் நாள்லேர்ந்தே அண்ணி. அப்ப ரொம்பச் சின்னதா இருந்துச்சு."

எனக்கு அவளை அறைய வேண்டும்போல் இருந்தது. கையை ஓங்கக்கூடச் செய்தேன். அவள் ஒதுங்கவில்லை, கன்னத்தைக் காட்டிக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். என் கை தானாகக் கீழே இறங்கியது. அவள் இடத்தில் நான் இருந்தால் மட்டும் சொல்லியிருப்பேனா என்ன?

"நீங்க போக வேணாம் அண்ணி" என்றாள். சொல்லும்போது அவன் சட்டையை இறுகப் பிடித்திருந்தாள்.

ராத்திரி முழுக்கத் தூக்கம் வரவில்லை. தியாகம் கியாகம் என்று நான் எதையும் நினைக்கவில்லை. செத்துப்போக எனக்குத் துளியும் ஆசை கிடையாது. ஆனால் ஒரு சாண்தான் பாக்கி. இன்னும் ஒரு நாள் பிடித்தால் என் தம்பி வீட்டுக்கு வந்துவிடுவான். அதைத் தெரிந்துகொண்டே கிடங்குப் பக்கம் போகாமல் இருந்தால், அப்புறம் அந்த வீட்டில் நான் எப்படிச் சோறு தின்பது?

மத்தியானம் கிடங்குக்குப் போனேன். சுற்றிலும் சுள்ளென்று வெயில். முற்றத்தில் மட்டும் தூறிக்கொண்டிருந்தது. தரை அன்றைய தெரு மாதிரி பளபளத்தது. கடைசிப் பாடம் ஈரத்தில்தான் என்று எனக்கும் புரிந்தது.

"இத பாரு. இன்னிக்கு ஒரே தடவைதான். ஈரம் இருக்கு, அதனால இன்னும் மெதுவா. தொட்டு, அழுத்தி, நின்னுடு. வேற எதையும் யோசிக்காத." அதோடு வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். எனக்கு வாய் சும்மா இருக்காது. "பின்னால நான் எப்படி வர்றேன், எங்க போய் மோதறேன்னு எல்லாம் நீ திரும்பிப் பாக்கக் கூடாது. அது உன் கவலை இல்ல."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. தூறல் விழும் சத்தம் சட்டென்று நின்றது. துளிகள் மட்டும் சத்தமில்லாமல் விழுந்துகொண்டிருந்தன.

வேகம் எடுத்தேன். ஆக்சிலேட்டரை விட்டேன். கை வந்தது. என் இரண்டு விரல்மேல் படிந்து, பிடியைத் தொட்டது. வண்டியின் மூக்கு மெல்ல இறங்கியது. அவ்வளவு பதமாக அவன் அதுவரை பிடித்ததே இல்லை. இனி அழுத்த வேண்டியதுதான்.

கை விலகிக்கொண்டது.

"புடிடா!" என்று அலறினேன். அதே நொடியில் என் வலது பாதத்தின்மேல் ஒரு பாதம் வந்து இறங்கியது. அத்தனை நாளில் அவன் காலை நான் உணர்ந்ததே கிடையாது. முழு பலத்தோடு, வேண்டுமென்றே, பின் பிரேக்கை மிதித்தது. பின் சக்கரம் நின்றது. வண்டி இழுத்துக்கொண்டு முற்றத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நேராகச் சறுக்கியது. ஒரு ஆட்டம் இல்லை, ஒரு சாய்வு இல்லை. என்னை விழவிடாமல் கொண்டுபோய் நிறுத்தியது. திரும்பிப் பார்த்தேன். நீளமாக ஒரு கறுப்புக் கோடு. தரை காய்ந்திருந்தது. அதன் பிறகு பிரேக் பிடியை எத்தனை தடவை தொட்டும் யாரும் வரவில்லை. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன், வாய்க்கு வந்தபடி திட்டினேன், கெஞ்சினேன். கிடங்கின் தகரம் வெயிலில் சடசடத்துக்கொண்டிருந்தது.

காலையில் நான் போகும் முன்பே அவள் தெருவில் நின்றாள். தம்பியின் கோடு சாக்பீஸைத் தாண்டி கேட்வரைக்கும் பழையபடி போயிருந்தது. ஓரங்கள் மங்கி, வண்டிகள் ஏறிப் போக, எல்லாக் கோடும் அழிகிறதுபோல் அழியத் தொடங்கியிருந்தது. மேட்டில் என் கோடு இல்லை. அந்த வீட்டுச் சுவர் வழுவழுவென்று இருந்தது.

அவள் அழவில்லை. கோட்டைப் பார்த்தபடியே கேட்டாள்.

"அவருக்குக் கடைசி வரைக்கும் வரவே இல்லையா அண்ணி?"

அவன் எவ்வளவு அழகாகக் கற்றுக்கொண்டான் என்று இந்த உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். அதைச் சொன்னால், வர முடிந்தும் அவன் வரவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

"வரலடி" என்றேன். "எவ்வளவோ சொல்லிக் குடுத்தேன். அவனுக்கு வரவே இல்ல."

அவள் வந்து வண்டியில் எனக்குப் பின்னால் ஏறி உட்கார்ந்து, என் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். அவளைக் கடையில் விடுவதற்காகச் சரிவில் இறங்கினேன்.